தனிநிலைக் கணிதத்துக்கு முதலாண்டில் இடம் கொடுங்கள்

ஓர் அறக்கட்டளை மதுரை, தேனி ஆகிய இரு மாவட்ட மாணவர்களுக்கு மட்டும் உதவித்தொகை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பங்கள் இணையம் வழியாக வருகின்றன. பிற மாவட்டத்தாரின் விண்ணப்பங்களைத் தள்ளிவிட ஒரு நிரல் வேண்டும். கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களிடம் இதைக் கொடுத்தால் பலர் எழுதும் வரி இது: ‘மாவட்டம் மதுரை இல்லை அல்லது மாவட்டம் தேனி இல்லை என்றால், நிராகரி.’ வாசிக்கும்போது குறை எதுவும் தெரியாது. மதுரை மாணவி ஒருத்தி விண்ணப்பிக்கிறாள். அவளுடைய மாவட்டம் தேனி இல்லை என்பதால் நிபந்தனையின் இரண்டாம் பாதி உண்மையாகிறது. ‘அல்லது’ என்று வந்துவிட்டால் ஒரு பாதி உண்மையானாலே போதும். அவளுடைய விண்ணப்பம் தள்ளப்படுகிறது. தேனி மாணவனுக்கு முதல் பாதி உண்மையாகிறது, அவனும் தள்ளப்படுகிறான். கடைசியில் உதவித்தொகை ஒருவருக்கும் கிடைக்காது.

இந்தப் பிழையைத் தீர்க்கும் விதி இரண்டே வரிதான். ‘அல்லது’ என்று இணைந்த இரண்டு கூற்றுகளைச் சேர்த்து மறுத்தால், இரண்டும் தனித்தனியே மறுக்கப்பட்டு ‘மற்றும்’ என்று இணையும். ‘மற்றும்’ என்று இணைந்தவற்றை மறுத்தால் ‘அல்லது’ வரும். டி மார்கன் விதிகள் என்று இவற்றைச் சொல்கிறோம். விதிக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27 அன்று பிறந்த ஊர் மதுரை.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியின் மகன் அவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு கண்ணில் பார்வை போனது. ஏழாவது மாதத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. எனவே அவருடைய கணிதத்துக்கு மதுரை உரிமை கொண்டாட முடியாது. ஆனாலும் கணினி அறிவியல் மாணவர் ஒருவர் இந்த ஒரு மனிதரின் வேலைகளைப் பின்தொடர்ந்து போனாலே தனிநிலைக் கணிதத்தின் பாதியைப் பார்த்துவிடலாம். 1828இல், 21 வயதில், லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் முதல் கணிதப் பேராசிரியரானார். 1838இல் கணிதத் தொகுத்தறிதல் என்ற நிரூபண முறையை அந்தப் பெயரோடு தெளிவாக விளக்கினார். 1840களின் தொடக்கத்தில் ஏடா லவ்லேஸுக்குக் கடிதம் வழியாகக் கணிதம் கற்பித்தார். அதன் பிறகுதான் ஏடா, சார்லஸ் பாபேஜின் பகுப்பு எந்திரத்துக்கான புகழ்பெற்ற குறிப்புகளை எழுதினார். தர்க்கம் பற்றிய டி மார்கனின் நூல் 1847இல் வந்தது. அவருடைய நண்பர் ஜார்ஜ் பூல் தர்க்கத்தை இயற்கணிதமாக்கிய முதல் நூலும் அதே ஆண்டில்தான் வந்தது. 1937இல் எம்ஐடி மாணவர் கிளாட் ஷானன், பூலின் இயற்கணிதத்தைக் கொண்டு மின்சுற்றுகளை வடிவமைக்கலாம் என்று தன் முதுநிலை ஆய்வேட்டில் காட்டினார். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியின் சில்லு வரை வந்து சேரும் பாதை அது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் பொறியியல் வினாத்தாள்களில் லாட்டிஸ் என்ற இயற்கணிதப் பகுதியிலிருந்து ‘டி மார்கன் விதிகளைக் கூறி நிறுவுக’ என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். மாணவர்கள் நிரூபணத்தை வரி மாறாமல் மனப்பாடம் செய்து எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே மாணவர் அடுத்த அறையில், கணினி ஆய்வகத்தில், மேலே சொன்ன உதவித்தொகை வரியைத் தவறாக எழுதுகிறார். கணிதத் தாளில் படித்த விதியும் நிரலில் எழுதும் நிபந்தனையும் ஒன்றுதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ‘டிஎம் பேப்பர்’ (டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ், அதாவது தனிநிலைக் கணிதம்) என்றாலே அரியர் பயம் என்றாகிவிட்டது. முக்கிய வினாக்கள், டூ மார்க் விடைகள், கடைசி இரவு ஜெராக்ஸ் என்று கடந்து போக வேண்டிய ஒரு தடையாகவே பெரும்பாலானோர் இதைப் பார்க்கிறார்கள். கணினி அறிவியல் இடங்களுக்கு இவ்வளவு போட்டி நிலவும் மாநிலத்தில், அந்தத் துறையின் கணிதத்துக்கு இந்த நிலை வந்திருப்பது வருத்தத்துக்குரியது.

தனிநிலைக் கணிதம் எதைப் பற்றியது? ஓடும் காரின் வேகம், ஆறும் பாலின் வெப்பம் போல இடைவெளியில்லாமல் மாறும் அளவுகளை நுண்கணிதம் கவனித்துக்கொள்கிறது. ஆம் அல்லது இல்லை, பூச்சியம் அல்லது ஒன்று, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குச் சாலை உண்டா இல்லையா என்று தனித்தனியாக எண்ணத்தக்கவற்றைத் தனிநிலைக் கணிதம் எடுத்துக்கொள்கிறது. தர்க்கம், கணங்கள், எண்ணும் முறைகள், கோட்டுருவியல், குலங்கள் முதலியவை இதில் அடக்கம். கணினியின் உள்ளே எல்லாம் தனித்தனி இலக்கங்களாகவே இருப்பதால் அதன் இயல்பான மொழி இதுதான்.

தமிழ் மாணவருக்கு இது அந்நியமான பாடமும் இல்லை. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று பள்ளியில் வாய்பாடு சொல்லாதவர் இங்கே குறைவு. நேர், நிரை என்று அசை இரண்டே வகை. ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. ஏன் இந்த எண்கள்? இருக்கிற சீர்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நேரசையைச் சேர்க்கலாம், அல்லது நிரையசையைச் சேர்க்கலாம். எனவே அசை ஒன்று கூடும்போதெல்லாம் சீர்களின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. ஓரசைக்கு இரண்டு என்று தெரியும். ஏதோ ஒரு நிலையில் கணக்குச் சரியாக இருந்தால் அடுத்த நிலையிலும் சரியாக இருக்கும் என்றும் இப்போது தெரிந்துவிட்டது. இந்த இரண்டும் கிடைத்துவிட்டால், எத்தனை அசையானாலும் விடை இரண்டின் அடுக்குதான் என்று துணிந்து சொல்லலாம். டி மார்கன் 1838இல் விளக்கிய தொகுத்தறிதல் இதுவே. பத்து பிட்டுகளில் 1,024 வெவ்வேறு வரிசைகள் எழுதலாம் என்பதும் இதே கணக்கு. தமிழாசிரியர் நடத்தியதைக் கணித ஆசிரியர் இரண்டு நிமிடம் நினைவுபடுத்தினால், மாணவர் இந்தப் பாடத்துக்குள் பயமில்லாமல் நுழைந்துவிடுவார்.

கோட்டுருவியலுக்கும் டி மார்கனிடமிருந்தே ஒரு வழி இருக்கிறது. 1852 அக்டோபரில் அவருடைய மாணவர் ஒருவர், தன் அண்ணன் பிரான்சிஸ் கத்ரி எழுப்பிய கேள்வியை அவரிடம் கொண்டுவந்தார். எந்த நில வரைபடமானாலும், எல்லையைப் பகிரும் இரண்டு பகுதிகளுக்கு ஒரே நிறம் வராமல் தீட்ட நான்கு நிறங்கள் போதுமா? டி மார்கனுக்கு விடை தெரியவில்லை. அன்றே கணித அறிஞர் ஹாமில்டனுக்குக் கடிதம் எழுதினார். விடை கிடைக்க 124 ஆண்டுகள் ஆயின. 1976இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அப்பெலும் ஹாக்கனும் நான்கு நிறங்கள் போதும் என்று நிறுவினார்கள். ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் கணினியை ஓடவிட்டு நிறுவியதால், இதை நிரூபணம் என்று ஏற்கலாமா என்றுகூட அப்போது விவாதம் நடந்தது.

வண்ணம் தீட்டுவதால் கணினித் துறைக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் தங்கள் கல்லூரியின் தேர்வு அட்டவணையைப் பார்க்கலாம். ஒவ்வொரு தாளையும் ஒரு புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாணவர் எழுத வேண்டிய இரண்டு தாள்களை ஒரு கோட்டால் இணையுங்கள். அரியர் எழுதுபவர்களையும் சேர்த்தால் கோடுகள் பெருகும். மூன்றாம் செமஸ்டர் தாளுக்கும் ஐந்தாம் செமஸ்டர் தாளுக்கும் நடுவேகூடக் கோடு விழும். முற்பகல், பிற்பகல் என்று ஒவ்வோர் அமர்வும் ஒரு நிறம். கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரே நிறம் கூடாது. மிகக் குறைந்த நிறங்களில் தீட்டினால் மிகக் குறைந்த அமர்வுகளில் தேர்வு முடியும். கம்பைலர் ஒரு நிரலின் மாறிகளைச் சில்லின் குறைந்த எண்ணிக்கையிலான ரெஜிஸ்டர்களில் அடுக்கும்போதும் இதே கணக்கைப் போடுகிறது. ஐபிஎம் ஆய்வாளர் கிரெகரி சைத்தினும் உடன் பணியாற்றியவர்களும் 1981இல் இதை எழுதினார்கள். இப்படிப் புள்ளிகளும் கோடுகளுமாக அமைவதே கோட்டுரு; தரப்பட்ட கோட்டுருவுக்கு மூன்று நிறம் போதுமா என்று எப்போதும் விரைவாகச் சொல்லும் வழியை இன்று வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் மாணவர் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கணக்கைக் கணினியிடம் முழுவதுமாக ஒப்படைக்கலாம், எங்கே ஓரளவு நல்ல விடையோடு நிறைவடைய வேண்டும் என்ற பகுத்தறிவு அப்போதுதான் வரும்.

என் பார்வையில் இந்தப் பாடம் தரும் முதன்மையான பயிற்சி நிரூபணம்தான். இருமத் தேடலை எடுத்துக்கொள்வோம். அகர வரிசையில் இருக்கும் பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட, நடுப்பெயரைப் பார்த்து முன்பாதியா பின்பாதியா என்று முடிவுசெய்கிறோம். பிறகு அந்தப் பாதியின் நடு. இருபது பார்வைகளில் வேலை முடிந்துவிடும். முதலாண்டு மாணவரும் எழுதிவிடுவார் என்று தோன்றும் இந்தச் சிறு நிரல், பயன்பாட்டில் இருந்த ஜாவா நூலகத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பிழையோடு கிடந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் அதை வெளியே சொன்னார். பிழை, நடுவைக் கண்டுபிடிக்கும் வரியில் இருந்தது. முதல் இடத்தின் எண்ணையும் கடைசி இடத்தின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதான் வழக்கம். கணினியின் 32 பிட் முழு எண் 2,147,483,647 வரைதான் போகும். கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் எதிர்ம எண்ணாகத் திரும்பிவிடும். பட்டியலில் நூறு கோடிக்கும் மேல் உறுப்புகள் இருந்தால்தான் இந்தச் சிக்கல் எழும் என்பதால் அத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. கடைசியிலிருந்து முதலைக் கழித்து, பாதியாக்கி, முதலோடு கூட்டினால் பிழை நீங்கும்.

அந்த நிரலின் வழிமுறை சரி என்பதற்கு நிரூபணம் முன்பே இருந்தது. ஆனால் அது எல்லையில்லாத முழு எண்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கணினியின் எண்களோ கடிகார முள் போல ஒரு சுற்று முடிந்ததும் தொடக்கத்துக்கே வந்துவிடுபவை. அந்தச் சுற்றுக் கணக்கும் தனிநிலைக் கணிதத்தின் ஒரு பகுதிதான். நிரூபணம் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது, அந்த அனுமானம் இங்கே பொருந்துகிறதா என்று கேட்கும் பழக்கம் மனப்பாடத்தால் வராது. மாணவர் தானே பத்து நிரூபணங்களை எழுதி, அவற்றில் நான்கு தவறாகி, எந்த வரியில் தவறு என்று தேடியலைந்தால்தான் வரும்.

இதே சுற்றுக் கணக்கின் மேல்தான் 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் ஆர்எஸ்ஏ மறைகுறியாக்க முறையைக் கட்டினார்கள். பெரிய பகா எண்கள் இரண்டைப் பெருக்குவது எளிது. பெருக்கற்பலனிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். அந்த முறைக்கு ஆதாரமான தேற்றங்களை 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மாவும் 18ஆம் நூற்றாண்டில் ஆய்லரும் எழுதிவைத்திருந்தார்கள். ராமானுஜனோடு சேர்ந்து உழைத்த ஹார்டி, எண் கோட்பாட்டுக்கு நடைமுறைப் பயன் இல்லை என்று 1940இல் எழுதினார். நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை, நிலைமை முழுவதும் மாறிவிட்டது.

இந்தியாவிலிருந்து கணினி அறிவியலுக்குக் கிடைத்த மிகப் பெரிய தேற்றம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியிலிருந்து வந்ததைத்தான். ஓர் எண் பகா எண்ணா என்பதை, எந்த யூகத்தையும் சாராமல், தற்செயலை நம்பாமல், விரைவாக முடிவுசெய்ய ஒரு வழிமுறையை மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்தார்கள். பின்னவர் இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த இளைஞர்கள். 2006இல் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசு மூவருக்கும் கிடைத்தது. அந்த வழிமுறைக்கான விதை ஃபெர்மாவின் சிறு தேற்றத்தில் இருக்கிறது. இளநிலை மாணவர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய கணிதம் உலக அளவில் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் நாட்டிலேயே இப்படி ஒரு சான்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் எண் கோட்பாட்டை நடத்துவது மாணவருக்குச் செய்யும் அநீதி.

‘நிரல் எழுதவே செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எதற்கு இந்தக் கணிதம்?’ என்று பெற்றோரும் மாணவரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நிரல் இப்போது நொடியில் வந்து விழுகிறது என்பது உண்மை. அது சரியா என்று யார் சொல்வது? மதுரை, தேனி நிபந்தனையைப் பிழையோடு எழுதிக்கொடுத்தால், அந்த வரியைப் பார்த்ததும் தடுத்து நிறுத்தக் கூடியவர் ஒருவர் வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்பதை இரு பொருளுக்கு இடமில்லாமல் சொல்லவும் ஒருவர் வேண்டும். இரண்டும் தர்க்கத்தின் வேலை. நான்கு நிறத் தேற்றத்தின் நிரூபணத்தை 2005இல் ஜார்ஜ் கோந்தியே, காக் என்ற மென்பொருளைக் கொண்டு ஒவ்வொரு படியாகக் கணினியே சரிபார்க்கும்படி எழுதி முடித்தார். நிரலையும் அப்படிச் சரிபார்க்கும் முறைகள் வளர்ந்து வருகின்றன. அந்த வேலைக்குப் போக விரும்பும் மாணவர், ‘ஒவ்வொரு’ என்பதற்கும் ‘ஏதேனும் ஒரு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தடுமாறாமல் கையாளத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி பாடத்திட்டத்துக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2021இன்படி கணினி அறிவியல் மாணவர் முதல் செமஸ்டரில் அணிகளும் நுண்கணிதமும் படிக்கிறார். இரண்டாவதில் புள்ளியியலும் எண்ணியல் முறைகளும். தனிநிலைக் கணிதம் மூன்றாவதில்தான் வருகிறது. அதே செமஸ்டரில்தான் தரவுக் கட்டமைப்புகளும் டிஜிட்டல் சுற்றுகளும் வருகின்றன. ஆக, மரம், கோட்டுரு ஆகியவற்றைத் தரவுக் கட்டமைப்பு ஆசிரியர் பயன்படுத்தத் தொடங்கும்போது, கணித ஆசிரியர் அவற்றை அறிமுகம் செய்திருக்கவே மாட்டார். டி மார்கன் விதி டிஜிட்டல் தாளில் ‘லாஜிக் கேட்’ எனப்படும் தர்க்கக் கதவுகளாக வருகிறது. கணிதத்தின் முதல் அலகில் கூற்றுகளாகவும் கடைசி அலகில் லாட்டிஸாகவும் வருகிறது. மூன்றும் வேறு வேறு பாடம் என்றே மாணவர் நினைத்துக்கொள்கிறார். அணிகளும் நுண்கணிதமும் நிகழ்தகவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்திரக் கற்றலுக்கு அவை இல்லாமல் முடியாது. எண்ணியல் முறைகளை ஒரு செமஸ்டர் தள்ளிவைத்து, தனிநிலைக் கணிதத்தை இரண்டாம் செமஸ்டருக்குக் கொண்டுவந்தால் யாருக்கும் நட்டமில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டக் குழு மூலமாகவே இதைச் செய்துவிடலாம்.

கற்பிக்கும் விதமும் மாற வேண்டும். வாரம் ஒரு மணி நேரமாவது இந்தப் பாடத்துக்கு ஆய்வகம் வேண்டும். கணிதத் துறை ஆசிரியரும் கணினித் துறை ஆசிரியரும் அங்கே ஒன்றாக நிற்க வேண்டும். மெய்யட்டவணையை அச்சிடும் நிரலைப் பைத்தானில் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். தன் கல்லூரித் தேர்வு அட்டவணைக்கு நிறம் தீட்டும் நிரலை இரண்டு வாரத்தில் முடிக்கலாம். எம்ஐடியில் ‘கணினி அறிவியலுக்கான கணிதம்’ என்றே ஒரு பாடம் பல்லாண்டுகளாக நடக்கிறது. அதன் பாடநூல் நிரூபணம் என்றால் என்ன என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. நூலாசிரியர்களில் ஒருவரான டாம் லெய்டன் 1998இல் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இணையத்தின் நெரிசலைப் பகிர்ந்தளிக்கும் அந்த நிறுவனமே ஒரு தனிநிலைக் கணித ஆய்வுக் கட்டுரையிலிருந்து பிறந்ததுதான்.

வினாத்தாளும் மாறட்டும். ‘எல்லாக் குதிரைகளும் ஒரே நிறம்’ என்று தொகுத்தறிதலால் நிறுவுவது போலத் தோன்றும் ஒரு பழைய போலி நிரூபணம் இருக்கிறது. அதைக் கொடுத்து, எந்த வரியில் தவறு என்று கேட்கலாம். ஒரு குதிரையிலிருந்து இரண்டு குதிரைக்குப் போகும் இடத்தில்தான் அது உடைகிறது என்று காட்டும் மாணவருக்குத் தொகுத்தறிதல் புரிந்துவிட்டது என்று நம்பலாம். நெட்டுரு போட்ட மாணவர் அங்கே அகப்பட்டுக்கொள்வார். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு நிரூபணத்தின் போக்கை முதலில் தமிழில் பேசிக் காட்ட வேண்டும். ஆங்கில வாக்கியத்தின் சிக்கலும் தர்க்கத்தின் சிக்கலும் ஒரே நேரத்தில் தாக்கினால் யாரும் மனப்பாடத்தைத்தான் நாடுவார்கள்.

பள்ளியில் நமக்குத் தேவையானது ஏற்கெனவே இருக்கிறது. பதினோராம் வகுப்புக் கணிதத்தில் எண்ணும் முறைகளும் தொகுத்தறிதலும் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசி அத்தியாயமே தனிநிலைக் கணிதம். கடைசியில் இருப்பதால், திருப்புதல் தேர்வு நெருக்கத்தில் ஓரிரு நாளில் ஓட்டிவிடும் அபாயம் அதற்கு எப்போதும் உண்டு. கணிதத் தர்க்கத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே நடத்த ஆசிரியர்கள் முன்வர வேண்டும். மற்ற பதினோரு அத்தியாயங்களுக்கும் அது உதவும்.

பாடத்திட்டம் மாறும் வரை மாணவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. சென்னை ஐஐடியின் பேராசிரியர் கமலா கிருத்திவாசன் நடத்திய தனிநிலைக் கணித வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேலே சொன்ன எம்ஐடி பாடநூலும் இணையத்தில் இலவசம். இரண்டாம் செமஸ்டர் விடுமுறையிலேயே தொடங்குங்கள். நாளுக்கு ஒரு நிரூபணம், விடையைப் பார்க்காமல், உங்கள் கையால் எழுதுங்கள்.